ஜெர்மனிக்காரர்

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி "ஜெர்மனிக்காரர் மண்டி எதுங்க?" என்று கேட்டால், டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு வழி காட்டுவார். தக்காளி மண்டிக்காரரான அவர் ஜெர்மனியைப் பார்த்தவரல்ல. வடக்கே அவர் எட்டிய எல்லை தேவனஹள்ளி விமான நிலையம். அதிலும் டிக்கெட்டைக் காட்டச் சொல்கிற கதவுக்கு இந்தப் பக்கம். போனது பையன், பட்டப்பெயர் அப்பாவுக்கு. இந்த வகை ஆட்கள் இப்போது சுற்றுவட்டாரம் முழுக்க முளைத்திருக்கிறார்கள். மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு கனடாக்காரர் உண்டு, காரிமங்கலத்தில் ஒரு லண்டன்காரர் உண்டு. (லண்டன்காரரின் மகள் படிக்கிற ஊர் லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். அதை அவரிடம் சொல்லக் கூடாது.)

ஆளை அடையாளம் காண்பது சுலபம். காலையில் ஏலம் முடிந்ததும் மற்ற மண்டிக்காரர்கள் கோலார் விலை, கோயம்பேடு விலை விசாரிப்பார்கள். இவர் யூரோ விலை பார்ப்பார். யூரோ நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து முகத்தில் ஒரு தியாகிக் களை. எந்தத் தொகையும் தக்காளியாக மாறினால்தான் அவருக்கு விளங்கும். ஜெர்மனிக்கு விசா கேட்கிற மாணவன் ஒரு வருடச் சாப்பாடு, வாடகைக்காக 11,904 யூரோவை முன்கூட்டியே 'பிளாக்டு அக்கவுண்ட்' என்கிற கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை. நமக்கு அது சுமார் 12 லட்சம். அவருக்கு, கிலோ 10 ரூபாய்க்குப் போகிற மாதத்தில் 25 கிலோ கிரேடு 4,800. கிலோ நூறு ரூபாயைப் பார்த்த 2023 ஜூலையில் என்றால் 480 கிரேடு போதும். "அந்த ஜூலையிலயே இவன் சீட்டு வாங்கித் தொலைச்சிருக்கலாம்ணா" என்பார். பையன் அப்போது இரண்டாம் வருட இன்ஜினியரிங்கில் அரியர் எழுதிக்கொண்டிருந்தான் என்பதையெல்லாம் அவர் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

படிப்பு விஷயத்தில் ஒன்றும் தெரியாமல் இறங்கியவர்தான். ஆனால் ஒரே ஓர் இடத்தில் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. தர்மபுரியில் ஓர் ஆலோசனை மையம். ஏசி அறை, சுவரில் உலகப் படம், டை கட்டிய தம்பி. "எங்க சர்வீஸ் முழுக்க ஃப்ரீ அங்கிள்" என்று ஆரம்பித்த தம்பி, நேராக பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போய் நின்றான். வருடத்துக்குப் பல ஆயிரம் யூரோ ஃபீஸ். அப்போது இன்னும் வெறும் மண்டிக்காரராக இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "எங்ககிட்ட ஃப்ரீங்கற. அப்போ கமிஷன் அந்தப் பக்கத்துலருந்து வருதா தம்பி? நூத்துக்கு எவ்வளவு?" தம்பி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் உட்கார்ந்தே முப்பது வருடம் பிழைத்தவருக்கு, அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆளைத் தெரியாதா? அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது, அதனால் தரகருக்கும் அங்கே பிழைப்பு கிடையாது என்பதை அன்று மாலைக்குள் கறந்துவிட்டார். அதன் பிறகு கற்றதெல்லாம் ஆர்வத்தில் கற்றது. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் போட ஆரம்பித்துவிட்டது. "மியூனிக்கும் கெட்டுப் போச்சுங்க" என்று அவர் வருந்துகிறபோது, தங்கை வீட்டுக்காரர் குடிக்க ஆரம்பித்த செய்தியைச் சொல்வதுபோலவே இருக்கும்.

மார்க்கு விஷயத்தில்தான் ஒரு வாரம் தூக்கம் போனது. பையனின் 7.2-ஐ ஜெர்மன் கணக்குக்கு மாற்றினால் 2.7 வருகிறது. "நாலு வருசம் பணம் கட்டிப் படிக்க வச்சது 2.7-க்கா?" என்று வீட்டில் ரகளை. அங்கே ஒன்றுதான் முதல் தரம், நான்கு வந்தால் பாஸ், ஐந்து என்றால் ஃபெயில் என்று பையன் விளக்கியதும் அமைதியானார். இப்போது பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பில் 480 எடுத்தாள் என்றால்கூட, "அது நம்ம கணக்குக்கு" என்கிறார்.

சேர்க்கைக்குப் பையன் எழுதிய நோக்க அறிக்கையை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். சிறு வயது முதலே இயந்திரங்கள் மீது தீராத காதல் என்று முதல் வரி. "தோட்டத்து மோட்டாரைப் போட்டுட்டு வாடான்னா ஒரு நாள் போனியாடா நீ?" என்று கேட்டார். ஆனால் அந்த வரியை அடிக்கச் சொல்லவில்லை. சரக்கை மேல் வரிசையில் நல்ல காயாக அடுக்கிக் காட்டுவது அவருக்குத் தெரியாத தொழில் அல்ல. இந்தியச் சான்றிதழ்கள் ஒழுங்கானவைதானா என்று பார்க்க ஜெர்மன்காரர்கள் 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் என்று ஒரு சான்று கேட்கிறார்கள், அதற்கு 18,000 ரூபாய். அதைக்கூட முகம் சுளிக்காமல் கட்டினார். "பெட்டியைக் கவுத்துப் பாக்கறான். பாக்கட்டும், நியாயம்தானே."

நியாயம் இல்லாமல் போனது வங்கியில். கிணறும் போரும் உள்ள நாலு ஏக்கர் பட்டாவை மேனேஜர் மேசையில் வைத்தார். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் சொத்து அடமானம் வேண்டும், ஆனால் விவசாய நிலம் வேண்டாம் என்றார் மேனேஜர். கடன் வாராக்கடனானால் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு வழிசெய்கிற 2002-ஆம் வருடச் சட்டம் விவசாய நிலத்தைத் தொடுவதில்லை. தொட முடியாததை வாங்கிவைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? "பயிர்க்கடனுக்கு ஆன நிலம் பையன் கடனுக்கு ஆவாதா சார்?" என்று கேட்டார். ஆகாதுதான். தர்மபுரியில் மச்சான் வீடு ஒன்று இருந்தது. இருபது வருடத்துக்கு முன் நிலத்தை விற்று டவுனில் மனை வாங்கிய அந்த மச்சானை, மண்ணை வித்துத் தின்னவன் என்று எல்லாப் பங்காளி விருந்திலும் இவர் ஏசியிருக்கிறார். இப்போது அந்த மொட்டைமாடி வீடுதான் ஜெர்மனிக்குப் போகிற ஒரே பாதை. ஆப்பிள், ஹார்லிக்ஸ் சகிதம் போய் நின்றார். மச்சான் வாயெல்லாம் பல்லாக, "அக்கா ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மாமா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

அக்கா அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அந்த மூன்று நாளும் வீட்டில் காபி ஆறிப் போகாமல் அவர் இருந்த இடத்துக்கே வந்தது, கொண்டுவந்தவர் ஜெர்மனிக்காரர். பிறகு முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர், ஆடிட்டர். கடன் போக மீதி 15 சதவீதம் 'மார்ஜின்' என்று கைக்காசு போட வேண்டும் என்றார்கள். அது அம்மாவின் வளையலாக இருந்து அடகுக்கடை ரசீதாக மாறியது. இந்தச் சமயத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஆறுதலாக ராமானுஜன் கதையைச் சொன்னார். 1914-இல் கேம்பிரிட்ஜ் போகிறவருக்கு சென்னைப் பல்கலைக்கழகமே வருடத்துக்கு 250 பவுண்டு கொடுத்து அனுப்பியதாம். ஜெர்மனிக்காரர் கவனமாகக் கேட்டுவிட்டு, "மார்ஜின் எவ்வளவு கேட்டாங்க?" என்றார்.

ஆனால் ஒன்று. ஜெர்மன் அரசாங்கத்தின் மீது அவருக்கு உண்மையான மரியாதை பிறந்தது அந்த முடக்கிய கணக்கால்தான். 12 லட்சமும் பையன் பேரில் இருக்கும். ஆனால் மாதம் 992 யூரோவுக்கு மேல் ஒரு சென்ட் எடுக்க முடியாது. "பாத்தீங்களா, நம்ம காசையே நம்ம பையனுக்கு அளந்து கொடுக்கறான். இருபத்திரண்டு வருசமா நான் முக்கியும் நடக்காத காரியம்ணா இது." இப்படி ஒரு கணக்கைப் பாலக்கோட்டுக் கிளையிலும் திறக்க முடியுமா, இளையவன் காலேஜ் போகிறான் என்று மேனேஜரிடம் விசாரித்ததாகக் கேள்வி.

கூடுதலாக ஒரு கௌரவமும் வந்து சேர்ந்தது. நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். அப்பா பெயர் முனியப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பல்கலைக்கழகக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கி அட்டை எல்லாவற்றிலும் 'ஹெர் முனியப்பன்', அதாவது திரு. முனியப்பன். பேராசிரியர் வகுப்பில் கூப்பிடுவதும் அப்படித்தான். தன் பெயரை உள்ளூரில் மரியாதையோடு சொல்ல ஆளில்லாதபோது, அங்கே ஒரு புரொஃபசர் தினமும் சொல்கிறார் என்பதில் அவருக்கு அடக்க முடியாத பூரிப்பு.

கிளம்புகிற அன்று பெட்டிகளை மண்டித் தராசில் ஏற்றினார்கள். பெட்டிக்கு 23 கிலோ. ராகி மாவு, புளி, குக்கர், பருப்புப்பொடி எல்லாம் ஏறிவிட்டது. நெய்யில்தான் சண்டை. பாலில் செய்ததைப் பையில் கொண்டுவர ஐரோப்பாவில் தடை என்று பையன் சொல்ல, பால் குடிக்காத நாடா அது என்று பாட்டி கேட்க, நெய் இறங்கியது; தராசு 24 காட்டியது. "ஒரு கிலோ கழிவு போட்டுக்குவாங்க" என்றார் ஜெர்மனிக்காரர், பழக்கதோஷத்தில். விமான நிலையத்தில் கழிவு போடவில்லை. குக்கர் மட்டும் டெம்போ டிராவலரில் பாலக்கோடு திரும்பியது.

இப்போது அவரைத் தேடி வெள்ளிச்சந்தையிலிருந்தும் பஞ்சப்பள்ளியிலிருந்தும் அப்பாக்கள் வருகிறார்கள். கையில் மஞ்சள் பை, பைக்குள் பிள்ளையின் மார்க்ஷீட். கிரேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரவைப்பார். 7.2 எப்படி 2.7 ஆகிறது என்பதிலிருந்து மச்சானை எப்படி மடக்குவது என்பது வரை பொறுமையாகச் சொல்வார். டீயும் அவர் கணக்கு. எழுந்திருக்கும்போது வந்தவர் தயங்கித் தயங்கிச் சட்டைப் பையைத் தொட்டு, "உங்களுக்கு எதாச்சும்…" என்று இழுத்தால், இரண்டு கையையும் வேகமாக ஆட்டி மறுத்துவிடுவார்.

"அட, ஃப்ரீதாங்க. காயை மட்டும் இனிமே நம்ம மண்டிக்கு ஏத்திவிடுங்க."