நின்றுபோன மோட்டார் வண்டியை உயிர்ப்பித்தலும் இழுத்தலும்: காட்டுப்பாக்கத்துச் சபையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

பரங்கிமலை–பூந்தமல்லி நெடுஞ்சாலையில், ஐயப்பன்தாங்கலைக் கடந்து குமணன்சாவடியை எட்டுவதற்கு முன்பாக உள்ள காட்டுப்பாக்கத்தில், மெட்ரோ ரயிலின் தூண்களுக்கு அருகே, அலுவலக நேரத்தில் ஒரு கார் பிராணனை விட்டு நின்றுவிடுமாயின், அதனைச் சூழ்ந்து கணப்பொழுதில் கூடிவிடுகின்ற பண்டித சபையின் இலக்கணத்தை எவரும் முறைப்பட ஆராயாதிருப்பது கல்வியுலகுக்கே ஒரு குறை. அக்குறையை நீக்குவதே இவ்வியாசத்தின் பிரயோஜனம்.

முதற்கண் நோயின் லட்சணம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுழலாமல் 'டிக், டிக்' என்னும் ஒலி மட்டும் எழுந்து, முகப்பு விளக்கும் மங்கிப்போகுமானால், பேட்டரி இறங்கிவிட்டதென்று பெரும்பாலும் துணியலாம். ஆறு அறைகள் கொண்ட அக்கருவி பூரண நிலையில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12-க்கும் கீழே போய்விட்டால் அதன் சக்தி தீர்ந்ததென்றே கொள்ள வேண்டும். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் புகுந்தது முதல், கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றி நொந்த மனிதனின் தோள் விடுதலை பெற்றது. அவனுடைய தலைவிதியோ பேட்டரியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இனிச் சபையின் மதங்கள் மூன்று. முதலாவது தள்ளல்வாதம். "செகண்ட்ல போடு சார், நாங்க தள்றோம்" என்று டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே உரைப்பவர் இதன் ஆசாரியர். சாவியை ஆனில் வைத்து, கிளச்சை மிதித்து, வண்டி வேகம் கொண்டதும் கிளச்சை விடுக என்பது சூத்திரம். கிளச் மிதி உள்ள வண்டிகளில் இது பலிப்பதுண்டு. ஆட்டோமேட்டிக் வண்டியில் பலிக்காது. வண்டி ஆட்டோமேட்டிக் என்று உடையவர் மெல்லத் தெரிவித்த பின்னரும் தள்ளுகை நிற்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது இழுப்புவாதம். கயிறு ஒன்று எங்கிருந்தோ வந்துவிடும்; அதனைப் பம்பரில் கட்ட முயல்வார்கள். அதற்கென்று அமைந்த கொக்கியிலேயே கட்ட வேண்டும். இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் தூரம் ஆகாது, இழுக்கப்படும் வண்டியிலும் லைசென்ஸ் உள்ளவரே அமர வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகள் வகுத்தன. எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல்லாய் இறுகும், ஸ்டியரிங் கனக்கும். சாவியை உருவிவிட்டாலோ ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியை இவ்வாறு தரையில் உருட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் எண்ணெயின்றித் தேயுமாதலால், அதனை ரிக்கவரி லாரியின் முதுகில் ஏற்றுவதே உத்தமம்.

மூன்றாவது கேபிள்வாதம். கால் டாக்சி ஓட்டுநர் ஒருவர் டிக்கியில் ஸ்டெப்னியின் அடியிலிருந்து சிக்கல் விழுந்த கேபிளை எடுத்து உதறும்போது சபை மௌனமாகிறது. இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடலாகாது. சிவப்புக் கவ்வி முதலில் இறந்த பேட்டரியின் பிளஸ்ஸிலும், அதன் மறுமுனை உயிருள்ள பேட்டரியின் பிளஸ்ஸிலும் ஏற வேண்டும். கறுப்பு, உயிருள்ளதன் மைனஸில். எஞ்சிய கறுப்பு முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலே தள்ளி மாட்ட வேண்டும். பேட்டரியருகே ஹைட்ரஜன் வாயு தங்கியிருக்கக்கூடும், கடைசிக் கவ்வியிலோ பொறி பறக்கும். கழற்றுகையில் இதே வரிசை தலைகீழ். 24 வோல்ட் தண்ணீர் லாரியிடம் இந்த உதவியை ஒருபோதும் யாசிக்கலாகாது.

மூன்று மதங்களும் தம்முள் கலகமிட்டாலும், வண்டிகள் உரசாமை, கடைசிக் கவ்வி விலகி நிற்றல், கயிற்றுக்கு அளவு ஆகியவற்றைச் சேர்த்து நோக்கினால், உபகாரம் என்பது அளவறிந்த தூரத்தில் நின்று செய்யப்படுவது என்னும் ஒரே சித்தாந்தம் தேறும். சபை ஒன்றே அதற்கு விலக்கு. அது பானெட்டுக்குள் தலையை நுழைத்தே சிந்திக்கும். ஆகவே நான்கு விளக்கும் மின்னச் செய்து, வண்டியை ஓரங்கட்டி, சபையை முதலில் 5 மீட்டர் அப்பால் நிறுத்துக. அதன்பின் கேபிளைத் தேடுக. சபை கலைந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டா: பானெட் திறந்திருக்கும்வரை காட்டுப்பாக்கத்தில் எவரும் ஆபீஸுக்குப் போவதில்லை.