ஒன்றும் செய்யாதிருக்கக் கோரும் விண்ணப்பம்

பள்ளம் தோண்ட உத்தரவு கொடுக்கவும், தோண்டிய பள்ளத்தை மறந்துபோகவும் ஒருங்கே அதிகாரம் படைத்த மகா கனம் பொருந்திய அலுவலகத்தாரின் சமுகத்திற்கு, காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் பாலாற்றங்கரைக்குச் சமீபமாக வசித்துவரும் அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

தங்கள் மேஜைக்கு வந்து சேரும் காகிதங்களுள் பெரும்பாலானவை புகார்களாகவே இருக்கும் என்பதை அறிவேன். ஆகையால் இது ஒரு நன்றிக் கடிதம் என்பதை ஆரம்பத்திலேயே தெரிவித்துவிடுகிறேன். அல்லாவிடில் வழக்கப்படி பிரித்துப் பாராமலேயே ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது’ என்ற முத்திரையுடன் இது வேறொரு மேஜைக்குப் பிரயாணப்பட்டுவிடக்கூடும். நான் நன்றி கூற விரும்புவது தாங்கள் சிருஷ்டித்த ஒரு தடாகத்துக்காக. அப்படி ஒன்றைச் சிருஷ்டித்ததாகத் தங்கள் பதிவேடு எதிலும் இராது; பிரம்மதேவனும் தன் சிருஷ்டிக்குக் கணக்கு வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நந்தி மலையில் உற்பத்தியாகி, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, மொத்தம் 348 கிலோமீட்டர் வந்து வயலூருக்கு அருகில் கடலை அடையும் பாலாறு, வருஷத்தின் பெரும்பகுதியில் தன் ஜலத்தை மணலுக்கடியில் மறைத்து வைத்துக்கொண்டு போகிற சங்கோஜமுள்ள நதி. காஞ்சிபுரத்தார் குடித்ததும், ‘இந்தத் தண்ணீரில் தோய்த்தால்தான் நூலுக்குப் பளபளப்பு வரும்’ என்று பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியதும் அந்த மறைந்த ஜலத்தைத்தான். அது மறைந்து கிடந்தது தங்களுக்குப் பொறுக்கவில்லை போலும். மேலே கிடந்த மணலை வாரி அனுப்பினீர்கள். அது இன்று எங்கெங்கோ அடுக்குமாடிகளாக நிமிர்ந்து நிற்கிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் போகலாகாது என்று அனுமதிச் சீட்டில் எழுதியிருந்ததாகச் சொல்வார்கள். மீட்டர் என்பது பிரெஞ்சுக்காரர்கள் வகுத்த அளவு; பாலாற்றுப் பக்கம் வந்ததும் அது பனைமர உயரம் வளர்ந்துவிட்டதென்றால் எங்கள் மண்ணின் செழிப்பைத்தான் சொல்லவேண்டும்.

மணல் தீர்ந்த பிறகு கரையோரத்து மேட்டு நிலங்களின் முறை வந்தது. சவுடு என்றும் கிராவல் என்றும் பெயர் சூட்டி, இரவு பகல் என்ற பேதம் பாராமல் டிப்பர் லாரிகள் ஓடின. ஒரே நடைச்சீட்டைக் கொண்டு அநேகம் நடை அடித்த சிக்கனத்தை இந்த ஊர்க் கிழவர்கள் இன்றும் மெச்சிப் பேசுகிறார்கள். பிறகு ஒரு நாள் லாரிகள் நின்றன, பொக்லைன் போயிற்று, வேலைக்காரர்களுக்குத் தேநீர் கொடுத்த கொட்டகையையும் பிரித்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியது நதியின் போக்குக்குப் புறத்தே, சீமைக்கருவேலம் புதர்கள் சூழ்ந்த ஒரு பெரும்பள்ளம். வடகிழக்குப் பருவமழை அதில் இறங்கியது. கூதிர் என்று நம் முன்னோர் வகுத்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அதைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றித்தான் நான் எழுத வந்தது.

அவர்கள் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவின் வடகோடியிலிருந்தும் வருகிறார்கள். நடைச்சீட்டு கொண்டுவருவதில்லை. முதலில் பொரி உள்ளான் வருகிறது; முதுகெல்லாம் வெள்ளைப் பொரி இறைத்தாற்போன்ற புள்ளிகளுடன், நீரோரத்தில் நின்று வாலை ஆட்டிக்கொண்டேயிருக்கும். பிறகு பச்சைக்காலியும், மஞ்சள் வாலாட்டியும், மின்சாரக் கம்பி முழுவதையும் ஆக்கிரமித்துக்கொள்ளும் தகைவிலான்களும். மழை பிடித்துக்கொண்டபின் நீலச்சிறகிகள் கூட்டமாக இறங்குகின்றன. ஐப்பசியில் அவற்றுள் ஆண் எது பெண் எது என்று கண்டுபிடிப்பது பிரம்மப் பிரயத்தனம். ஆணின் பிரசித்திபெற்ற வெண்புருவம் தைக்கு மேல்தான் முளைக்கும். அதுவரை எல்லாமே ஒரே பழுப்பு. இவற்றுக்கு நடுவே இவ்வூர்க் குடிகளான முக்குளிப்பானும் நாமக்கோழியும் நத்தைகுத்தி நாரையும், வந்தவர்களை லட்சியம் செய்யாமல் தத்தம் ஜீவனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆயினும் என் பட்சபாதம் பட்டாணி உப்புக்கொத்தி என்ற சிறிய பறவையிடம்தான் என்பதை மறைப்பானேன்? கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இட்ட இந்தப் பறவை நாலடி ஓடும், சட்டென நிற்கும். பிறகு ஒரு காலை ஈரச் சேற்றில் ஊன்றி, தறிக்குழியில் அமர்ந்து மிதிபலகையை மிதிக்கும் நெசவாளியின் கால்போல், அதைப் படபடவென்று அதிரவைக்கும். சேற்றின் அடியில் நிம்மதியாக இருந்த புழு என்னவோ ஏதோ என்று மேலே வந்து பார்க்கும். அத்துடன் அதன் விசாரம் தீர்ந்தது. எதிர்க்கரையில் பொக்லைன் வாளியின் பற்கள் கீறிய வரிகள் செங்குத்துச் சுவரில் இன்னும் அழியவில்லை. அவ்வரிகளுக்கிடையில் கட்டைவிரல் நுழையும் அளவில் வரிசையாகப் பொந்துகள். போன பங்குனியில் பச்சைப் பஞ்சுருட்டான்கள் குடைந்து குஞ்சு பொரித்தவை. தாங்கள் வெட்டித் தந்த சுவரில் வாடகையின்றி வசித்துவிட்டுப் போயிருக்கின்றன. உரிமத்தொகை பாக்கி என்று நோட்டீஸ் அனுப்புவதாயின் முகவரி என்னிடம் இல்லை.

இந்த மகிமை நமது பள்ளத்துக்கு மட்டும் உரியதன்று. மேற்சொன்ன உப்புக்கொத்தி 1938ஆம் வருஷத்தில்தான் முதல்முதலாக இங்கிலாந்தில் கூடு கட்டியது. அதன்பின் அந்நாட்டில் அது பரவியதற்கு முக்கிய காரணம் சரளைக்கல் தோண்டிய குழிகள் என்று பட்சி சாஸ்திரிகள் ஒருமுகமாகச் சொல்லுகிறார்கள். நாட்டிங்காம் நகருக்குப் பக்கத்தில் அட்டன்பரோ என்ற இடத்தில் அத்தகைய குழிகள் 1966 முதல் சரணாலயமாகவே விளங்குகின்றன. அவ்வளவு தூரம் போவானேன். சென்னைக்குத் தெற்கே நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரியில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. 2017ஆம் வருஷத்து வறட்சியில் அதே சென்னை மாநகரம், யாரும் சீந்தாமல் கிடந்த சிக்கராயபுரம் குவாரிகளின் தண்ணீரைச் சுத்திகரித்துக் குடித்துத் தாகம் தீர்த்துக்கொண்டது. 1971இல் ஈரான் தேசத்து ராம்சர் நகரத்தில் உருவான உடன்படிக்கையைப் பின்பற்றி ஈரநிலங்களை வகைப்படுத்தியவர்கள், மனிதன் உண்டாக்கிய ஈரநிலங்களின் ஜாபிதாவில் சரளைக் குழிகளையும் செங்கல் சூளைக் குழிகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

நமது தேசத்து விதியோ இன்னும் ரசமானது. 2017ஆம் வருஷத்து ஈரநில விதிகளின்படி ஆற்றின் போக்கு ஈரநிலம் ஆகாது, நெல்வயல் ஆகாது, குடிநீருக்கென்றோ பாசனத்துக்கென்றோ பிரத்தியேகமாகக் கட்டிய நீர்நிலையும் ஆகாது. ஆகவே எங்கள் ஊரில் பாலாறு ஈரநிலமன்று. பல்லவர் காலந்தொட்டு ஏரி வெட்டுவதையே புண்ணியமாகக் கொண்ட இந்த ஜில்லாவில் பாசன ஏரிகளும் ஈரநிலமல்ல. நாற்று நட்டபின் தண்ணீரில் நிற்கும் கழனியும் அன்று. யோசித்துப் பார்க்குங்கால், இத்தனை விலக்குகளுக்கும் தப்பி, சட்டத்தின் பரிபூரண அர்த்தத்தில் ஈரநிலம் என்று சொல்லத்தக்க யோக்கியதை தாங்கள் தோண்டிய பள்ளம் ஒன்றுக்கே இருக்கிறது; ஏனெனில் அது எந்த நல்ல காரியத்துக்காகவும் பிரத்தியேகமாக உண்டாக்கப்பட்டதன்று.

இனி என் பயத்தைச் சொல்லுகிறேன். பள்ளத்துக்குப் பறவை வருகிறது என்ற செய்தி தேநீர்க் கடைவரை பரவிவிட்டது. அதன் விளைவாக இரண்டு கட்சிகள் உண்டாகியிருக்கின்றன. நகரத்துக் குப்பையையும் இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் கொட்டி மேடாக்கிவிடலாம் என்பது ஒரு கட்சி. ‘மேம்பாடு’ செய்யலாம் என்பது மற்றொரு கட்சி. எனக்குப் பின்னதிடம்தான் அதிக நடுக்கம். கரையைச் சுற்றிலும் பேவர் பிளாக் பதித்த நடைபாதை, நான்கு மூலையிலும் உயர்கோபுர விளக்கு, நடுவே படகுக் குழாம், வாயிலில் சிமெண்டுக் கொக்கு இரண்டு, அவற்றின் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை என்றெல்லாம் பேச்சு அடிபடுகிறது. சிமெண்டுக் கொக்கு எந்த மாதத்திலும் இருக்கும், வெளிச்சத்துக்கு அஞ்சாது, எச்சமிடாது என்பவை அதன் அனுகூலங்கள். இரவில் இரை தேடும் நீலச்சிறகி உயர்கோபுர விளக்கின் கீழ் அரை நாழிகையும் தங்காது என்பதை மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளரிடம் யார் போய்ச் சொல்வது?

எங்கள் பக்கத்து ஜனங்கள் பறவையை மதியாதவர்கள் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருடன்மேல் எழுந்தருளும்போது ஊரே தெருவில் நிற்கும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டின் கரையிலும் முந்தானையிலும் அன்னமும் மயிலும் இருதலைப்பட்சியும் சரிகையில் ஜொலிக்கின்றன. பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகே திருப்புட்குழியில் இராமபிரான் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்ததாக ஐதிகம். இறந்த பறவைக்குச் செய்யவேண்டிய மரியாதையில் எங்களுக்குக் குறைவில்லை. உயிரோடிருக்கும் பறவைக்கு என்ன செய்வது என்பதில்தான் அனுபவம் போதாது. அதிலும் ஓரிக்கை, திருமழிசையாழ்வார் சொல்லுக்கிணங்கிக் காஞ்சியை விட்டுப் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்ட பெருமாளே ஓரிரவு தங்கிப்போன ஊர். வந்து தங்கித் திரும்புகிறவர்களுக்கு இடம் கொடுப்பது எங்களுக்குப் பழக்கமானதுதான். அன்றிரவு அவருக்கு நாங்கள் நடைபாதை போட்டதாகவும் விளக்குக் கம்பம் நட்டதாகவும் எந்தப் புராணமும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் பழைய செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டர் ஒருவரைத் தங்களுக்கு நினைவூட்ட அனுமதி வேண்டும். மதுராந்தகம் ஏரி உடையவிருந்த அடைமழை இரவில், கரையின்மேல் வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டதாக ஏரிகாத்த இராமர் கோயிலில் சொல்வார்களே, அந்த லயனல் பிளேஸ் துரைதான். அவரிடம் வேடந்தாங்கல் கிராமத்தார் போய், சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டுத் தள்ளுகிறார்கள் என்று முறையிட்டார்கள். அவர்கள் பட்சி சாஸ்திரம் படித்தவர்களல்லர். பறவை எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்ற கணக்குத் தெரிந்தவர்கள். துரை 1798 வாக்கில் சுடக்கூடாதென்று ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். 1858இல் கிராமத்தார் அதைப் புதுப்பித்து வாங்கிக்கொண்டார்கள். நடைபாதை இல்லை, டெண்டர் இல்லை, திறப்புவிழாக் கல்வெட்டு இல்லை, ஒரு காகிதம். 2022இல் வேடந்தாங்கல் ராம்சர் ஜாபிதாவில் ஏறியதற்கு மூலாதாரம் அந்தக் காகிதமும் அதைப் பத்திரமாக வைத்திருந்த குடியானவர்களுமே. அவர்களுடைய ஏரியும் ஒரு பாசன ஏரி என்பதைத் தங்கள் விதிப் புத்தகத்தினிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம்.

எனக்கும் அதைப்போல ஒரு காகிதம் வேண்டும். இன்ன சர்வே எண்ணில் அடங்கிய பள்ளத்தில் இன்றுமுதல் யாதொன்றும் கொட்டவோ, கட்டவோ, நடவோ, அழகுபடுத்தவோ கூடாது என்று தங்கள் கையொப்பத்துடன் ஓர் ஆணை. இதுவரை ஆணையின்றியே தாங்கள் அங்கே ஒன்றும் செய்யாமலிருந்து வந்திருக்கிறீர்கள் என்பது உண்மையே. ஆனால் எழுத்தில் இல்லாத சும்மா இருத்தலை அடுத்து வருகிற அதிகாரி ரத்து செய்துவிடலாம் அல்லவா?

ஒரே ஒரு வேலை மட்டும் விதிவிலக்கு. இதை எழுதும்போது எனக்குப் பரிகாசம் வரவில்லை. பொக்லைன் நிறுத்திவிட்டுப் போன பக்கத்தில் கரை சுவராக இறங்குகிறது. தண்ணீருக்கடியில் இரண்டாவது குழி ஒன்று இருப்பது மேலே தெரிவதில்லை. மழைக்காலந்தோறும் எங்கேனும் ஒரு கைவிட்ட குவாரியில், எங்கேனும் ஒரு மணல் பள்ளத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குளிக்க இறங்கி மூழ்கிய செய்தியைப் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பஞ்சுருட்டான் பொந்துகள் உள்ள சுவரை விட்டுவிட்டு, மற்றப் பக்கங்களில் கரையை வெட்டிப் படிப்படியாகச் சரித்துவிட்டால், இறங்குகிற பிள்ளைக்குக் கணுக்கால், முழங்கால் என்று ஆழம் தெரியும். சாண் ஆழத்துக்கு மேல் நிற்கமாட்டாத உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் காலூன்ற இடம் கிடைக்கும். ஆழத்தில் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும்தான் உத்தியோகம். மற்றவர்களுக்கெல்லாம் ஓரம்தான் வேண்டும். தோண்டியவரே கரையைச் சரித்துப் பத்திரப்படுத்திவிட்டுப் போகவேண்டும் என்பதைக் குத்தகைப் பத்திரம் எதிலேனும் தாங்கள் எழுதியிருந்தால், அந்தப் பத்திரத்தைத் தேடி எடுக்கும்படி மட்டும் பிரார்த்திக்கிறேன். அந்த வேலையைச் சித்திரை முடிந்து, பஞ்சுருட்டான் குஞ்சுகள் பறந்த பிறகு, மழைக்கு முன் வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் சௌகரியம்.

பதிலுக்காகத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். சமுகத்தின் வழக்கமான வேகத்தை அறிந்தவனாகையால் அவசரப்படுத்தவில்லை. எனினும் பங்குனிக்கு மேல் பதில் வருமாயின் மனுதாரர்களில் பெரும்பாலோர் இமயத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவ்வமயம் கள ஆய்வுக்கு வருகிறவர் பள்ளத்தில் ஒரு பறவையையும் காணாமல், ‘மனுவில் கண்ட சங்கதி உண்மையன்று’ என்று எழுதிக் கோப்பை முடித்துவிடாதபடி, மேற்படி மனுதாரர்கள் வரும் ஐப்பசியில் நேரில் ஆஜராவார்கள் என்பதை இப்போதே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பள்ளத்தின் பயனாளி,
ஓரிக்கைவாசி ஒருவன்