திருத்த வராத ஒரே ஆசாமி

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு எதில் பஞ்சம் வந்தாலும் அறிவுரையில் வராது. பல் தேய்க்கும் அழகைக் குறை சொல்ல அப்பா, கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்று சொல்ல அம்மா, 'உங்கப்பன் இந்த வயசுல...' என்று ஆரம்பிக்கத் தாத்தா. சாயங்காலம் ஆனால் அபாகஸ், இந்தி, கராத்தே. வீட்டுக்கு வந்த விருந்தாளிகூட காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டுவிடுகிறார். இத்தனை பேருக்கு நடுவே, குழந்தையை முன்னேற்றும் எண்ணம் துளியும் இல்லாத ஜீவன் ஒன்றாவது வீட்டில் வேண்டாமா? நாயால் பிள்ளைக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அது லாபம் தர முயல்வதே இல்லை, அதனால்தான் தருகிறது.

ஆதாரம் இருக்கிறது. பின்லாந்தின் குவோப்பியோ நகர மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 397 குழந்தைகளை முதல் வயது முழுக்கக் கவனித்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். நாயோடு வளர்ந்தவர்களுக்குச் சளித் தொல்லையும் காதுத் தொற்றும் குறைவு, ஆன்டிபயாடிக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. இதில் ருசியான செய்தி வேறு. நாள் முழுக்க வீட்டுக்குள் கிடந்த நாயைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக உள்ளே இருந்த நாய்தான் அதிகம் உதவியது. வெளியிலிருந்து அது கொண்டுவந்த அழுக்கு குழந்தையின் எதிர்ப்புச் சக்திக்குப் பயிற்சி கொடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆக, ஷாம்பு வாசனையோடு சோபாவில் சாய்ந்திருக்கும் சீமான் நாயைவிட, சேற்றில் புரண்டு வந்து கூடத்தில் உடம்பை உதறும் நாய்க்கே மதிப்பெண் கூடுதல். ஸ்வீடனில் 2001 முதல் நாய்களைப் பதிவு செய்வது கட்டாயம். அந்தப் பதிவேட்டையும் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்த உப்சாலா பல்கலைக்கழகத்தார், முதல் வயதில் நாயோடு இருந்த குழந்தைக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் 13 விழுக்காடு குறைவு என்று 2015-ல் எழுதினார்கள். (ஏற்கெனவே நாய் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இதை வைத்தியமாகச் செய்து பார்க்க வேண்டாம்.) அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999-ல், படிக்கத் திணறும் பிள்ளைகளை நாய்க்குக் கதை வாசித்துக்காட்டச் சொல்லும் திட்டம் தொடங்கியது. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று வாசித்தாலும் நாய் முகம் சுளிக்காது. நம் வீட்டில் வேறு யாரால் முடியும்?

'அதெல்லாம் இருக்கட்டும், பிள்ளை முதல் ரேங்க் எடுக்குமா?' என்றால், எடுக்காது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் கலிபோர்னியாவில் 5,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய தகவல்களை அலசி 2017-ல் சொன்னது இது: நாயோ பூனையோ உள்ள வீட்டுப் பிள்ளைகள் உடல்நலத்தில் மேலாகத்தான் தெரிந்தார்கள், ஆனால் குடும்ப வருமானம், வீட்டு வசதி முதலியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் வித்தியாசம் கரைந்துவிட்டது. வசதி உள்ளவர்கள்தான் நாய் வளர்க்கிறார்கள். 'டூலெட்' பலகை பார்த்து வீடு தேடியவர்களுக்கு இது ஆய்வில்லாமலே தெரியும். முன்பு சொன்ன ஆய்வுகளும் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. இதனால் என் கட்சி தோற்றதாக நான் நினைக்கவில்லை. நாயை இன்னொரு டியூஷனாக நினைத்து வாங்கியவர்தான் ஏமாந்தார். வீட்டு வரிசையில் கடைசியில் நிற்கும் குழந்தைக்குத் தனக்கும் கீழே ஓர் ஆள் கிடைப்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. தண்ணீர் வைக்க மறந்தால் திட்டு இல்லை, இம்போசிஷன் இல்லை. காலிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து நாய் பார்க்கும், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு எழுந்து போகிற பிள்ளை, யாரும் சொல்லாமல் ஒரு வேலை செய்கிறது.

பத்து நாளில் எல்லாம் அம்மா தலையில்தான் விழும் என்ற ஆட்சேபம் முழு உண்மை, மறுக்கப்போவதில்லை. 'நானே குளிப்பாட்டுவேன், நானே நடக்கக் கூட்டிப்போவேன்' என்ற வாக்குறுதியின் ஆயுள் தேர்தல் வாக்குறுதியைவிடக் கம்மி. ஆகவே நாய் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அதை உண்மையில் பார்த்துக்கொள்ளப்போகும் பெரியவர். கடி என்ற ஆட்சேபத்தில் மட்டும் சிரிக்க ஒன்றுமில்லை. மனிதருக்கு வரும் ரேபிஸில் ஏறக்குறைய எல்லாமே நாயால் வருவது. ரேபிஸ் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் பத்தில் நால்வர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திட்டு விழும் என்று பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. ஆகவே நாய்க்குப் பெயர் தேடுவதற்கு முன்னால் தடுப்பூசி போடுங்கள், ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். கைக்குழந்தையை எந்த நாயோடும் தனியாக விடாதீர்கள். பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அறிவுரையைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.