காஞ்சிபுரத்தில் 'நல்ல விசுவாசி' என்று பேரெடுப்பது எப்படி?

கோயிலுக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர் இது. ஒரு பக்கம் ஏகாம்பரநாதர், ஒரு பக்கம் வரதராஜர், நடுவில் காமாட்சி. இங்கே கிறிஸ்தவராகத் தொழில் நடத்துகிறவரை ஊரே கவனிக்கும். ஆகவே பக்தி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பட்டுத் தொழிலில் இருக்கும் விசுவாசிகளுக்காகவே கீழ்க்கண்ட வழிகள் தொகுக்கப்பட்டுள்ளன. ஒரு நிபந்தனை: வேதத்தை முழுசாகப் படித்துவிடாதீர்கள். படித்தால் ஒரு வழியும் தேறாது.

1. வசனத்தைப் பார்த்து மாட்டுங்கள்

புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்தக் கார்டு கல்லாவுக்கு மேலே இருக்கட்டும். எரேமியா 29:11 உத்தமம். சமாதானம், நல்ல எதிர்காலம் என்று எல்லாம் நம் பக்கமே வரும் வசனம். தவறியும் யாக்கோபு 5:4 பக்கம் போகாதீர்கள். பிடித்துவைத்த கூலி கூச்சல் போடுவதாகவும், அது கடவுள் காதில் விழுந்துவிட்டதாகவும் அங்கே எழுதியிருக்கிறது. யாராவது எடுத்துக் காட்டினால் பதற வேண்டாம். "அது வயல் அறுத்தவங்க கூலி, நமக்குத் தறிதானே" என்று சொல்லிவிடலாம்.

2. கூலிக் கணக்கில் நிதானம் தேவை

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார்பாளையத்திலிருந்து நெசவாளி புடவையோடு வருவார். கோர்வைப் புடவை. மூன்று நாடா, இரண்டு ஆள், நாள்கணக்கில் குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்த உழைப்பு. அதை ட்யூப்லைட்டுக்கு அடியில் மெதுவாக விரியுங்கள். கரையும் உடலும் சேருமிடத்தை விரலால் தடவுங்கள். ஏதோ ஒரு இழை தட்டுப்படத்தான் செய்யும். "என்னண்ணே, கோர்வை இப்படி விழுந்திருக்கு?" என்று வருத்தத்தோடு கேளுங்கள். வருத்தம் முக்கியம், கோபம் சாட்சியைக் கெடுக்கும். பிடித்தம் போக மீதிக்கு, "திங்கக்கிழமை வாங்க, நாளைக்குச் சர்ச்" என்று அனுப்பிவையுங்கள். கூலிக்காரன் உன் ஊர்க்காரனோ அயலானோ, பொழுது சாய்வதற்குள் அவன் கூலியைக் கொடு என்கிறது உபாகமம் 24. காஞ்சியில் பொழுது திங்கட்கிழமைதான் சாயும்.

3. அட்வான்ஸ் கொடுத்து ஆதரியுங்கள்

கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று நெசவாளி கேட்கும்போதெல்லாம் தாராளமாகக் கொடுங்கள். கடன் அடையும்வரை அவர் வேறு முதலாளியிடம் போக முடியாது. அடைய விடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. தகப்பன் கடனுக்குப் பிள்ளை தறியேறிய கதை இந்த ஊருக்குத் தெரியும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். இந்தியப் பட்டுத் தொழிலில் அடமானமாக உழைத்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அதெல்லாம் பழைய கதை என்று நகர்ந்துவிடுங்கள். இயேசு பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் படம் ஒன்று கடையில் இருந்தால் போதும்.

4. சரிகையைப் பற்றிப் பேச்சைக் குறையுங்கள்

அசல் சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும். அதன்மேல் வெள்ளி, வெள்ளிமேல் பொன்பூச்சு. மட்டச் சரிகையில் பூச்சு மட்டும் ஜோராக இருக்கும், உள்ளே செம்பு. கள்ளத் தராசு கடவுளுக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11 கண்டிப்பாகச் சொன்னாலும், சரிகை என்ற வார்த்தை அங்கே இல்லை. பட்டுப் புடவையைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும் வேதத்தில் இல்லை. விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்றுவிட்டு, ராத்திரி குடும்ப ஜெபத்தில் "வியாபாரத்தை ஆசீர்வதியும்" என்று கேட்கலாம். சுரண்டிப் பார்க்கிற வாடிக்கையாளர் வந்தால் மட்டும் கவனம். விசுவாசிக்கும் சோதனை இதேதான்.

5. காணிக்கை மைக்கில் அறிவிக்கப்படட்டும்

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்ற மத்தேயு 6 ஏழைகளுக்கான யோசனை. மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் மூன்று இறக்கையிலும் பேர் எழுதுங்கள். ஞாயிறு பள்ளியில் சகேயு கதையைச் சொல்லும்போது, அவன் மரத்தில் ஏறியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறங்கி வந்தவன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தந்தான், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு வீட்டில் வந்து கணக்குக் கேட்பார்கள்.

6. சாதியைச் சபைக்கு வெளியே விடாதீர்கள்

வெளியே விட்டால் தொலைந்துவிடும். உள்ளேயே பத்திரமாக வையுங்கள். பெண் பார்க்கும்போது "நம்ம ஆளுங்களா?" என்று கேளுங்கள். விசுவாசத்தைத்தான் விசாரித்தோம் என்று சாதிக்கலாம். சபைக்குள் சாதி கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே சுற்றறிக்கை விட்டார். 1837இல் சென்னைக்கு வந்த மிஷனரி ஜான் ஆண்டர்சன் தம் பள்ளியில் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையன்களைச் சேர்த்திருந்தார். அவர்களை வெளியேற்றச் சொல்லி மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். மாணவர்கள் குறைந்தார்களே தவிர அவர் அசையவில்லை. காஞ்சியில் அவர் பேரில் இன்றும் பள்ளி நடக்கிறது. பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புங்கள், பிடிவாதத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர விடாதீர்கள்.

7. தண்ணீர் கொடுக்குமுன் மதம் கேளுங்கள்

அத்திவரதர் 40 வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருள்பவர். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாளும் ஊர் திமிறியது. வெயிலில் வரிசை தெருத்தெருவாக நீண்டது. வாசலில் ஒரு பாட்டி வந்து, "கொஞ்சம் தண்ணி குடு சாமி" என்றால் என்ன செய்வது? லூக்கா 10இல் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஒதுங்கிப் போன ஆசாரியனையும் லேவியனையும் பின்பற்றுங்கள், இருவரும் பெரிய பதவியில் இருந்தவர்கள். நின்று காயம் கட்டியவன் சமாரியன், அதாவது வேறு கூட்டத்தான். அவனை முன்மாதிரியாக வைத்தால் ஊரெல்லாம் உறவாகிவிடும், செலவு தாங்காது.

இத்தனையும் கடைப்பிடித்தால் பேர் நிச்சயம். ஆனால் கூடாரத் தொழில் செய்து தன் கையால் சாப்பிட்ட பவுலும், இரத்தாம்பரம் விற்ற லீதியாளும், விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்த தொற்காளும் இதில் ஒன்றையும் செய்யவில்லை. அவர்கள் விசுவாசம் தொழிலிலேயே தெரிந்தது. நூலையும் துணியையும் நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இவர்களைவிடப் பொருத்தமான முன்னோடிகள் கிடைக்கமாட்டார்கள்.

எனவே மேலே சொன்னதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, ஒன்றே ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இந்தச் சனிக்கிழமை புடவையோடு வருகிறவருக்கு உட்கார நாற்காலி போடுங்கள், பேசிய கூலியைக் குறைக்காமல் அன்றைக்கே கொடுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு அதற்கப்புறம் போகலாம்.