இ-வே பில்லும் இறுதித் தேதியும்

ஜார்ஜ் டவுனின் நெரிசலைக் குறைப்பதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் சாத்தாங்காட்டில் அமைத்த இரும்பு எஃகுச் சந்தையிலிருந்து, தகட்டுச் சுருளோ டிஎம்டி கம்பியோ ஏற்றிய லாரி புறப்படுவதற்கு ஓட்டுநரும் டீசலும் மட்டும் போதுவதில்லை. சரக்கின் பயணத்தை ஜிஎஸ்டி துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் இ-வே பில்லும் வேண்டும். மாநிலங்களுக்கிடையே 2018 ஏப்ரல் 1 முதலும் தமிழ்நாட்டுக்குள் அதே ஆண்டு ஜூன் 2 முதலும் நடைமுறைக்கு வந்த இதனைச் சிறு கடைகள் இணையதளத்தில் தட்டச்சு செய்தே எடுத்துக்கொள்ள, லோடுகள் மிகுந்த கடைகளிலோ பில் போடும் மென்பொருளே, நேரடியாகவோ இடைநிலை நிறுவனம் வழியாகவோ, தேசியத் தகவலியல் மையத்தின் கணினியிடம் கேட்டு எண்ணை வாங்கித் தந்துவிடுகிறது. இவ்வாறு இரு மென்பொருள்கள் மனிதர் தலையீடின்றிக் கொடுத்து வாங்குவதற்கு வகுக்கப்பட்ட முறையே ஏபிஐ எனப்படும்.

எந்த ஏபிஐக்கும் ஆயுள் உண்டு. புதிய பதிப்பு வந்ததும் பழையது 'டெப்ரிகேட்டட்' என அறிவிக்கப்படுகிறது. அதாவது, அது இன்றும் இயங்கும், குறித்த நாளுக்குப் பின் இயங்காது. கடையையே ஊர்விட்டு இடம் மாற்றிய வணிக மரபுக்கு ஓர் இணைப்பை மாற்றுவது அரிதன்று எனத் தோன்றலாம். ஆயினும், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தொட எந்தக் கணக்கரும் இசைவதில்லை. அறிவிப்பு வரவில்லை என்றும் சொல்வதற்கில்லை. இணைப்பை நிறுவிய இளைஞர் பதிவின்போது தம் சொந்த மின்னஞ்சலையே கொடுத்திருப்பாராதலால், அவர் வேலை மாறிச் சிறுசேரிக்குச் சென்ற பின்னும் நினைவூட்டல்கள் தவறாமல் அவரையே சென்றடைகின்றன. சேவை நிற்கும் நாளைச் சர்வர் தன் பதிலிலேயே குறித்தனுப்ப உதவும் 'சன்செட்' என்ற தலைப்புவரி 2019 மே மாதம் வரையறுக்கப்பட்டது. எனினும், கணினி படிப்பதற்கென்றே எழுதப்படும் அவ்வரியை, படிக்கும்படி எவரேனும் நிரல் எழுதாத வரையில் கணினியும் படிப்பதில்லை.

ஆகவே, இறுதி நாளுக்கு முன்பே சேவையைச் சில மணிநேரம் வேண்டுமென்றே நிறுத்திக் காட்டும் 'பிரவுன்அவுட்' என்ற உத்தி பிறந்தது. கிட்ஹப் நிறுவனம் தன் ஏபிஐயில் கடவுச்சொல் வழி நுழைவை 2020 நவம்பர் 13 அன்று நீக்குமுன், செப்டம்பர் 30, அக்டோபர் 28 ஆகிய நாள்களில் இவ்வாறே தற்காலிகமாக நிறுத்தியது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இதற்கு மூத்தது என்றாலும், அது செய்தித்தாளில் வெளியாவதால் மக்கள் தண்ணீர்த் தொட்டியையாவது நிரப்பி வைக்கின்றனர்.

இணைப்பைப் புதுப்பிக்கும் பணி பெரும்பாலும் எளியதே: முகவரியை மாற்றி, பெயர் மாறிய புலங்களைத் திருத்தி, உண்மைப் பில் எழாத சோதனைத் தளமான 'சாண்ட்பாக்ஸில்' ஓட்டிப் பார்த்தால் போதும். அதன்பின் உண்மைத் தளத்திற்கான புதிய அனுமதியைப் பெற முதலாளியின் கைபேசிக்கு ஓடிபி அனுப்பப்படும். தார்ப்பாய் கட்டிய லாரி வாயிலில் உறுமிக்கொண்டிருக்க, முதலாளி திருமலையில் தரிசன வரிசையில் நிற்கிறார். அவருடைய கைபேசியோ, கோயில் விதிப்படி ஒப்படைக்கப்பட்டு, வெளியே பாதுகாப்பாக இருக்கிறது.