பரம்பரை டாலர்காரர்

அமெரிக்காவில் சனி, ஞாயிறு வந்தால் ஏதாவது ஓர் ஊரில் நாணயக் கண்காட்சி நடக்கும். ஹோட்டல் ஹாலில் வரிசையாக மேசை போட்டு, கண்ணாடிப் பெட்டிகளில் காசுகளைப் பரப்பி, வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். பதினோரு மணி வாக்கில் ஒருவர் உள்ளே நுழைவார். கையில் ஒரு பழைய காலுறை. அது தொங்குகிற தொங்கலிலேயே உள்ளே இருப்பது வெள்ளி என்று வியாபாரிக்குத் தெரிந்துவிடும். “விக்கிற எண்ணமெல்லாம் இல்லை. சும்மா, என்ன பெறும்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்” என்பார் வந்தவர். இவர்தான் பரம்பரை டாலர்காரர்.

ஆள் மாறலாம், ஸ்தலபுராணம் மாறாது. தாத்தா ரயில்வேயில் இருந்தார், அல்லது சுரங்கத்தில். வங்கி என்றாலே அவருக்கு ஆகாது. செத்த பிறகு பார்த்தால் பெட்டிக்கு அடியில் இந்தக் காலுறை! இந்தக் கதையை முழுக்கச் சொல்லி முடிக்காமல் டாலர்காரர் ஒரு காசைக்கூட வெளியே எடுக்க மாட்டார். வியாபாரியும் குறுக்கே பேச மாட்டார். அவர் அன்று காலையிலிருந்து கேட்கும் மூன்றாவது தாத்தா.

முதலில் வெளியே வருவது பெரும்பாலும் 1921. ஒரு பக்கம் சுதந்திர தேவி, மறு பக்கம் சிறகு விரித்த கழுகு. பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியை ஒருவரை உட்காரவைத்து, ஜார்ஜ் மார்கன் செதுக்கிய முகம். 1878-இல் முதலில் வந்தது. செதுக்கியவர் பெயராலேயே இது மார்கன் டாலர்.

“நூறு வருஷத்துக்கு மேல ஆகுது” என்று டாலர்காரர் குரலைத் தாழ்த்துவார்.

ஆகிறதுதான். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் எட்டரைக் கோடிக்கு மேல் அடித்துத் தள்ளினார்கள். 1918-இல் பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு 27 கோடி டாலர்களை உருக்கியிருந்தார்கள். உருக்கியதற்கு ஈடாகப் புதிது அடிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. உருக்கிய வெள்ளியில் பெரும்பகுதி வந்து சேர்ந்த இடம் நம்முடைய இந்தியா. முதல் உலகப் போர்ச் சமயத்தில் நோட்டை நீட்டி வெள்ளி ரூபாய் கேட்ட ஜனங்களுக்குக் கொடுக்கச் சர்க்காரிடம் வெள்ளி தீர்ந்துகொண்டிருந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் வாங்கித் தப்பித்தது. நம் வீட்டுப் பெட்டியில் ஜார்ஜ் ராஜா தலை போட்ட அந்தக் காலத்து ரூபாய் இருந்தால், அது பூர்வாசிரமத்தில் டாலராக இருந்திருக்கவும் கூடும்.

டாலர்காரர் சளைத்தவர் இல்லை. அடுத்து 1893-ஐ எடுப்பார். அதற்கு ராஜ விலை என்று எங்கோ படித்திருக்கிறார். படித்தது சரி, பாதிதான் படித்தார். அந்த விலை சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்த ஒரு லட்சம் காசுக்கு மட்டும்தான். கழுகைச் சுற்றிய மலர்வளையத்தின் முடிச்சுக்குக் கீழே கடுகளவு ‘எஸ்’ எழுத்து இருக்க வேண்டும்.

இருக்கிறது! வியாபாரியே நிமிர்ந்து உட்காருகிறார். கண்ணில் லென்ஸைப் பொருத்தி, காசை விளக்குக்குக் கீழே இப்படியும் அப்படியும் சாய்க்கிறார். எழுத்தைச் சுற்றி மயிரிழை போல ஓர் இடைவெளி. திருப்பிப் பார்க்கிறார். அசல் காசுகளில் தேவி தலையில் உள்ள ‘லிபர்ட்டி’ என்ற எழுத்துகளில், ‘டி’யின் உச்சியில் ஒரு சன்னமான சாய்கோடு இருக்கும். இதில் இல்லை.

“எஸ் அப்புறமா ஒட்டினது.”

“எங்க தாத்தா அப்படிப்பட்டவர் இல்லை.”

“அவரை யாராவது ஏமாத்தியிருக்கலாம்.”

“அவரை ஏமாத்த இந்த ஊர்ல ஆளே கிடையாது.”

அப்படியானால் ஒட்டியது யார் என்பதற்கு ஒரே விடைதான் மிச்சம். வியாபாரி நாகரிகம் தெரிந்தவர், சொல்லவில்லை.

மூன்றாவது, சீன வியாபாரத்துக்கென்றே 1873 முதல் அடித்த வணிக டாலர். 27 கிராமுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். தராசு 21 காட்டுகிறது. தேய்மானம் என்கிறார் டாலர்காரர். ஆறு கிராம் தேய்ந்திருந்தால் தேவிக்கு மூக்கு முழி எதுவும் மிஞ்சியிருக்காது. வியாபாரி ஒன்றும் பேசாமல் ஒரு காந்தத்தைப் பக்கத்தில் நகர்த்துகிறார். தாத்தாவின் வெள்ளி ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் நிஜமாகவே நல்ல காசுகள் நாலைந்து அந்தக் காலுறையில் உண்டு. கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்தது ஒன்றுகூட இருக்கிறது. ஆனால் அவை கல்யாணத்துக்குத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னுகின்றன. வியாபாரியின் முகம் விழுந்துவிட்டது. லென்ஸில் பார்த்தால் தேவியின் கன்னம் முழுக்கக் கீறல்.

“எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?”

“பற்பசைதான். நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும்.”

“அழுக்கோடவே கொண்டுவந்திருக்கலாமே!”

“அழுக்கா? எங்க வீட்டுலயா?”

நூறு வருஷம் காலுறைக்குள் ஒரு சேதமும் இல்லாமல் கிடந்ததை ஒரே ராத்திரியில் கொன்றாகிவிட்டது. காசுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் முறை உண்டு. அதைப் பழைய செப்புக் காசுகளுக்காக வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர். மனித உடம்புக்கும் இப்படி எண் போட்டு வகைபிரித்த புண்ணியவான். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்துவிட்டுப் போனார் என்பது அவர் காலமான பிறகுதான் அம்பலமாயிற்று. அவருடைய அளவுகோலிலும் தேய்த்த காசுக்கு இடம் கிடையாது. தரம் பார்ப்பவர்கள் ‘துலக்கப்பட்டது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு மார்கன் டாலரில் 24 கிராம் வெள்ளி. “வெள்ளி விலைக்கு எடுத்துக்கறேன்” என்கிறார் வியாபாரி. டாலர்காரர் காசுகளை ஒவ்வொன்றாகக் காலுறைக்குள் போடுகிறார். இந்த ஆளுக்கு விஷயம் போதாது என்ற முடிவுக்கு அவர் எப்போதோ வந்தாகிவிட்டது.

வாசலில் ஒரு பெரியவர், கையில் பிஸ்கட் டப்பாவோடு தயங்கி நிற்கிறார். டாலர்காரர் அவரிடமிருந்து ஒரு காசை வாங்கி, விரல் நுனியில் வைத்துச் சுண்டி, காதோரம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்.

“தேறாதுங்க. இதுல எஸ் ஒட்டினது.”

“இதுல எஸ்ஸே இல்லையே?”

“பாத்தீங்களா? உதிர்ந்துபோச்சு.”