மழை அளக்குறவனுக்கு வெயில்தான் சோறு

வா தம்பி, உக்காரு. முழங்கால்ல அட்டை கடிச்ச ரத்தம், சட்டையெல்லாம் செம்மண்ணு. மலைக்குப் போயிட்டு வர்றேன்னு நீ சொல்லவே வேணாம். தண்ணிமலை அடிவாரத்துல நாப்பது வருசமா குந்தி, ஏறுறவன் இறங்குறவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கேன். 513 படியும் காவடியோட ஏறி இறங்குறவன் மூஞ்சியில ஒரு தெளிச்சி இருக்கும். உன் மூஞ்சியில அது இல்ல. என்ன, மழைமானி செத்துப்போச்சா? எப்பச் செத்துச்சு? மழை பேஞ்ச ராத்திரியா! அடி சக்க!

ஏய் தம்பி, இந்தத் தம்பிக்கு ஒரு கோப்பி-ஓ போடு. சீனி கூடப் போடு, பாவம்.

எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாசு. நீ யூனிவர்சிட்டி. அதனால தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். மழை அளக்க ஒரு பொட்டி வைக்கிறீங்க. அதுக்குச் சோறு வெயில். சரி. மழை பேயும்போது வெயில் அடிக்குமா? இத உங்க மீட்டிங்ல யாருமே கேக்கலையா? ஏசி ரூமுக்குள்ள மழை பேயாது, தோணியிருக்காது.

கோவிச்சுக்காத. சோலார் வச்சது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. 2017 நவம்பர் 4, சனிக்கிழம ராத்திரி ஞாபகம் இருக்கா? தீபாவளி முடிஞ்சு ரெண்டு வாரம் போயிருக்கும். காத்தும் மழையும் சேந்து வந்துச்சு. மறுநாள் விடியறதுக்குள்ள நம்ம பினாங்குத் தீவுல பாதி தண்ணிக்குள்ள. 7 பேர் செத்தாங்க. ராணுவத்தக் கூப்பிட்டாங்க. எங்க தெருவுல மரம் சாஞ்சு கரண்டு போயிருச்சு. அந்த ராத்திரிதான் ஆத்துல தண்ணி எவ்வளவுன்னு தெரிய வேண்டிய ராத்திரி. கம்பத்துக் கரண்ட நம்புற பொட்டியா இருந்தா நம்மளோட சேந்து அதுவும் இருட்டுல குந்தியிருக்கும். போதாக்குறைக்கு நம்ம ஊரு மின்னலு நீளக் கம்பியப் பாத்தா விடாது. மலைமேல கம்பம் நட மரத்த வெட்டலாம்னாலோ, 2021-ல யுனெஸ்கோ இந்தக் கொடிமலைய உயிர்க்கோளக் காப்பகம்னு சொல்லிருச்சு. ஆகச் சோலார்தான் சரி. வச்ச விதந்தான் கோளாறு.

வடிகால் இலாகாக்காரங்க ஆத்தங்கரையில வச்சிருக்கிறத நீயும் பாத்திருப்ப. கம்பத்து உச்சியில தகடு, கீழ பொட்டி. என் பேத்தி போன்ல காட்டுவா. வாஸ்படா, அமாரான், பஹாயான்னு தண்ணி மட்டம் ஏற ஏற நிறம் மாறும்.

எனக்குப் பேட்டரிய எப்பத் தெரியும்னு கேளு. எழுபதுகள்ல, செபராங் பிறையில, எங்க லயத்துல. ராத்திரி பத்து மணிக்குத் தோட்டத்து ஜெனரேட்டர நிப்பாட்டிருவாங்க. கருப்பு வெள்ள டிவிக்குக் கார் பேட்டரிதான். சைக்கிள் கேரியர்ல கட்டி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வரணும். ஒரு தடவ ஆசிட் ஒழுகி, ரெண்டாவது தொவையலுக்குள்ள என் கால்சட்ட சல்லடையாப் போச்சு. தமிழ்ப்படம் போடுற ராத்திரிக்கு லயமே எங்க வீட்டு வாசல்ல இருக்கும். பேட்டரி இறங்க இறங்க என்ன ஆகும் தெரியுமா? படம் நாலு பக்கமும் சுருங்கும். எம்ஜிஆர் சண்ட போட்டுக்கிட்டே குள்ளமாயிருவாரு. வில்லன அடிக்கப் போற நேரத்துல புள்ளியாப் போயி அணைஞ்சிருவாரு. அதுக்கப்புறம் உங்க பாட்டி, அதான் என் வீட்டுக்காரி, ஒரு சட்டம் போட்டா: வாரம் பூரா டிவியத் தொடக் கூடாது, படத்தன்னிக்கு மட்டுந்தான். அவ ரெண்டாங்கிளாசு.

இப்ப உன் கணக்கச் சொல்லு. இந்தா, கச்சான் பொட்டலத் தாள்ல எழுது. பொட்டி சராசரி 2 வாட் சாப்பிடுதா? ஒரு நாளைக்கு 48 வாட்-மணி. 12 வோல்ட்டுக்கு வகுத்தா 4 ஆம்பியர்-மணி. அஞ்சு நாள் மூட்டமாவே கெடந்தா 20. ஈயப் பேட்டரியப் பாதிக்கு மேல காலி பண்ணிப் பழகுனா சீக்கிரம் மண்டையப் போட்டுரும், அதனால 40 வேணும். நீ எத்தன வச்ச?

ஏழா!

திருட்டு அலாரத்துக்குள்ள வைக்கிற செங்கல் சைஸு பேட்டரி. முழுசா நக்கித் தின்னாலும் ஒண்ணேமுக்கா நாளு. தகடு எவ்வளவு? 20 வாட். மழைக்காலத்துல ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்து முழு வெயிலுன்னு வச்சுக்க, அங்க இங்க போற சேதாரம் கழிச்சா கைக்கு வர்றது 42. வரவு 42, செலவு 48. சராசரிக்கு நாலஞ்சு மணி நேர வெயிலு இருக்குங்கிறியா? வருசச் சராசரியில குடும்பம் நடத்துறவன் தீபாவளிக்கு முந்தின வாரம் என்கிட்ட அம்பது வெள்ளி கைமாத்து கேட்டு வருவான். நம்ம ஊர்ல அடைமழையும் செப்டம்பர்லருந்து நவம்பருக்குள்ளதான், தீபாவளியும் அதுக்குள்ளதான்.

தகட்ட எங்க வச்ச? மரத்தடியிலயா? ஏன்?

திருடன் கண்ணுல படக்கூடாதுன்னு. நல்ல புத்தி. திருடனுக்கு மறைச்ச, சூரியனுக்கும் சேத்து மறைச்சிட்ட. அந்தத் தகட்டுல 36 சில்லு இருக்கும், எண்ணிப் பாரு. தீப்பிடிச்ச வீட்டுக்குக் கெணத்துலருந்து வாளி கைமாத்துற வரிசை மாதிரி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. நடுவுல ஒருத்தன் தூங்குனா வாளி நிக்கும். ஒரு காஞ்ச எலை ஒரு சில்ல மூடுனாப் போதும், பாதித் தகடு லீவு போட்டுரும்.

எந்தப் பக்கம் பாத்து வச்ச? வடக்கயா? 35 பாகை சாச்சா? யாரு சொன்னா? ஆஸ்திரேலியாக்காரன் புத்தகமா! அவனுக்குச் சூரியன் பெரும்பாலும் வடக்க, அவன் எழுதுனது அவனுக்குச் சரி. நமக்கு ஏப்ரல் தொடக்கத்துலயும் செப்டம்பர் தொடக்கத்துலயும் உச்சந்தலைக்கு நேரா நிக்கும். நவம்பர் கடைசியில உச்சிக்கு 27 பாகை தெக்க எறங்கிரும். நீ வடக்க திரும்பி நிக்குற. மழைக்காலத்துல வராத வெயிலு தப்பித்தவறி வந்தாலும் அதுலயும் பாதிதான் உனக்கு. சும்மா 10, 15 பாகை தெக்க சாய், போதும். படுக்கையா மட்டும் வச்சுராத. தண்ணி தேங்கிப் பாசி புடிக்கும், காக்கா எச்சம் கழுவிப் போகாது.

பொட்டிக்குள்ள என்ன இருந்துச்சு? பல்லி முட்ட ரெண்டு, எறும்புப் புத்து ஒண்ணு. வாடகை குடுக்குதுங்களா? கேபிள் போற ஓட்டைய அடைக்கலையாக்கும். அடிவாரப் பூங்காக் குரங்குங்க இன்னும் உன் ஒயரக் கண்டுபிடிக்கல, அதுவரைக்கும் உனக்கு நல்ல காலம். பொட்டிக்கு வெள்ளப் பெயிண்ட் அடி. சூடு பத்து டிகிரி ஏறுனா ஈயப் பேட்டரி ஆயுசு பாதியாயிரும்னு உங்க ஆளுங்களே சொல்றாங்க.

லித்தியம் வாங்கிரலாமா? வாங்கு. 40 ஆம்பியர்-மணி ஈயத்தச் செமந்து செங்குத்துல ஏறுனா உன் முதுகு எனக்கு முன்னாடி போய்ச் சேந்துரும். லித்தியம் எடை கம்மி, நூத்துக்கு எம்பது வரைக்கும் எடுத்தாலும் முனகாது. ஆனா ஒரு சூது இருக்கு. ஈயம் 12.7-லருந்து படிப்படியா எறங்கி, பசிக்குதுன்னு சொல்லும். இது நம்ம பெரிய வீட்டுச் சம்பந்தி மாதிரி. கடைசி வரைக்கும் 13 வோல்ட்டு, நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொல்லி, திடீர்னு ஒரு நாள் வீட்ட ஏலம் போடும். உள்ள போறதையும் வெளிய வர்றதையும் எண்ணுற கருவி ஒண்ணு வச்சுக்க.

அப்புறம் அந்தப் பொட்டிய வாயக் கட்டச் சொல்லு. மழை அளக்குற வேலைக்குக் கரண்டே வேணாம். ரெண்டு கிண்ணம், நெறைஞ்சாச் சாயுது, காந்தம் ஒரு சொடக்குப் போடுது. அவ்வளவுதான். தின்னு தீக்கிறது மோடம், ரெண்டு நிமிசத்துக்கு ஒரு தடவ டவர்கிட்டப் பேசிக்கிட்டு. மழையில்லாத நேரத்துல மணிக்கு ஒரு தடவ பேசட்டும், மழை கொட்டுனா அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ. என்னைப் பாரு, மத்த வேல எதுவும் இல்ல, பேச்சு மட்டுந்தான், அதுலயே களைச்சுப் போறேன்.

பேத்தி ஒண்ணு படிச்சுக் காட்டுனா. 1958 மார்ச்சுல அமெரிக்காக்காரன் வான்கார்டுன்னு ஒரு செயற்கைக்கோள மேல விட்டான், பம்பளிமாஸ் பழம் சைஸு, ஒண்ணரக் கிலோ கூட இல்ல. ரெண்டு வாயி அதுக்கு. பேட்டரி போட்ட வாயி ஜூன்லயே மூடிருச்சு. சூரியச் சில்லு போட்ட வாயி 1964 வரைக்கும் பேசுச்சு. ஆனா அங்க மழை பேயாது பாரு, தம்பி.

என் வீட்டுக் கூரையில ஒரு மைலோ டின்னு வச்சிருக்கேன். பேட்டரி கெடையாது, மோடம் கெடையாது. உன் பொட்டி செத்துப்போச்சுங்கிற ராத்திரி அதுவும் மழை அளந்துச்சு. எவ்வளவுன்னு கேக்காத, நெறைஞ்சு வழிஞ்சிருச்சு. வழிஞ்சதுக்கப்புறம் அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனாலதான் உன்ன மாதிரிப் புள்ளைங்க வேணும்.

எங்க எந்திரிக்கிற? முதலாளி ஏழு ஆம்பியர்-மணிக்குத்தான் பில்லு போடுவாரா? சரி, போ. கொடிமலைப் பக்கம் கருத்துக்கிட்டு வருது, அந்த ஏழையே மாட்டிட்டு வா. ஒண்ணேமுக்கா நாள்ல மறுபடி இப்படி வருவல்ல, கோப்பிக் காச அப்பக் குடு.